மஞ்சள் வைத்த உருளை

ஊரணிப்பட்டியை விட்டு மஞ்சள் நிறம் கிளம்பிப்போனது ஆயுத பூஜை கழிந்த மூன்றாம் நாள். முதலில் போனது ஆவாரம்பூ. சிவகாசி ரோட்டோரம் அது பாட்டுக்குப் பூத்துக் கிடக்கும், ஒருத்தரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை, ஆகவே அது வெளுத்ததையும் ஒருத்தரும் பார்க்கவில்லை. பிறகு டீக்கடை பவுன்ராஜ் தொங்கவிட்டிருந்த வாழைத்தார் ஒரே பகலில் சுண்ணாம்பு பூசினதுபோல ஆனது, அவர் மண்டிக்காரனுக்குப் போன் போட்டு, என்ன மருந்தடிச்சய்யா பழுக்க வச்ச என்று வாய்க்கு வந்தபடி பேசினார். பிறகு எலுமிச்சம்பழம், பிறகு முட்டைக்குள் இருக்கிற கரு, பிறகு பள்ளிக்கூட வேன், பிறகு பஸ் நிறுத்தத்தில் ஊர்ப்பேர் எழுதின பலகை, பிறகு வெள்ளிக்கிழமை பூசிக் குளித்த பெண்களின் முகத்து மஞ்சள் என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதும் ஊர் தன் சோலியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் தங்கம் போனது. தாலிக்கொடி, தோடு, மூக்குத்தி எல்லாம் எவர்சில்வர் நிறத்துக்கு வந்து நின்றபோதுதான் சனம் காளியம்மன் கோயில் முன்னால் கூடியது. வாழைப்பழம் போனால் பொறுத்துக்கொள்கிற ஊர் பவுன் போனால் பொறுக்குமா?

கூட்டத்தில் யாரும் யாரையும் கைகாட்டுவதற்கு முன்னால் வெயிலுகந்தாள் எழுந்து நின்று, அது என் மிஷின்தான் எடுக்குது என்று சொல்லிவிட்டாள்.

வெயிலுகந்தாளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பதினாறு வயதில் சிவகாசியில் ஒரு பெரிய ஆப்செட் அச்சகத்தில் தாள் எண்ணுகிற வேலைக்குச் சேர்ந்தவள். எண்ணிக்கொண்டே மிஷினைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே அது எப்போது எதற்காக முனகும் என்று தெரிந்துகொண்டாள், மிஷின் ஓட்டுகிற ஆம்பளைகள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிற நேரத்தில் போய் ஒரு திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு வந்து மறுபடி எண்ண உட்கார்ந்துவிடுவாள். ரெண்டு தாள் ஒட்டிக்கொண்டு உள்ளே போய்ச் சிக்கிக்கொள்கிற தொல்லைக்கு, தன் கொண்டை ஊசியை வளைத்து ஒரு ஸ்பிரிங்கும் சேர்த்து அவள் செய்த சின்ன இரும்பு விரல் இன்றைக்கும் அங்கே ஓடுகிறது. அதற்கு முதலாளி பேட்டன்ட் வாங்கினார், காப்புரிமை என்று பேப்பரில் எழுதுகிறார்களே அது. முத்திரை வைத்த அந்தப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் சாமி படங்களோடு அதையும் துடைத்து மஞ்சளும் குங்குமமும் வைப்பது வெயிலுகந்தாளின் வேலை.

இங்கிலீஷ் தெரியாத அவள் ஒருநாள் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, கண்டுபிடிச்சவர்னு ஒரு கட்டம் இருக்காமே, அதுல யார் பேரு போட்டிருக்கு என்று கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றித் துடைத்தார், முதலாளி பேரும்மா என்றார். அன்றைக்கும் அவள் பொட்டு வைத்தாள். அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் வயிறு பற்றி எரிந்தது, அதை மூடி மறைப்பதில் பிரயோசனமில்லை. சாகிறதுக்குள் அந்தக் கட்டத்தில் ஒரு தடவையாவது தன் பேர் வரவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இல்லை. புருஷன் குருவையா நகை வாங்கித் தரட்டுமா என்று கேட்டபோதுகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஒருவழியாக வேலையை விட்டாள். பழைய இரும்புக்குப் போட இருந்த அச்சு மிஷின் ஒன்றைப் புருஷனும் பெண்டாட்டியும் ஊருக்குக் கொண்டுவந்து ஒரு ஷெட்டில் வைத்து மூன்று வருஷம் உயிர் கொடுத்தார்கள். மஞ்சள் மை ஊற்றுகிற தொட்டிக்கும் பிளேட்டுக்கும் நடுவில் அவள் ஒரு செம்பு உருளையை மாட்டினாள். உருளை நெடுக மயிரிழை ஊசிகள், பக்கத்தில் வெளிச்சத்தை அளக்கிற ஒரு கண்ணாடிக் கண், அந்தக் கண் பார்த்ததை ஊசிகளுக்குச் சொல்ல மதுரை எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கின சில்லுகளைப் பற்றவைத்த ஒரு பலகை. படத்துக்கு எவ்வளவு மை வேணுமோ அவ்வளவுதான் எடுக்கவேண்டும், ஒரு சொட்டு வீணாகக்கூடாது என்பது அவள் கணக்கு. ஆயுத பூஜையன்று, மிஷின் வைத்திருக்கிற எல்லாரும் செய்கிற மாதிரி, புது உருளைக்குப் பொட்டு வைத்தாள். மஞ்சளைக் குழைத்து வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தால் குங்குமம் தீர்ந்திருந்தது. கடைக்குப் போகச் சோம்பிக்கொண்டு மஞ்சளோடு விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் குருவையா முருகன் காலண்டர் ஓட்டினார். இருநூறு தாள் வெளியே வந்த பிறகுதான் மஞ்சள் மைத்தொட்டியில் மை ஊற்றவே இல்லை என்பது தெரிந்தது. முருகன் வேல் பளபளவென்று பொன்னாகத்தான் இருந்தது. அவர் பயந்துபோய் மிஷினை நிறுத்தினார், அவள் போய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், லென்ஸ் வைத்துப் பார்த்தாள், நாக்கால் தொட்டும் பார்த்தாள். பிறகு மதுரையில் பேட்டன்ட் மனு எழுதிக்கொடுக்கிற ஹமீதா பர்வீனுக்குப் போன் செய்தாள். ஹமீதா முப்பது வயதுப் பெண், பொறுமைசாலி, எதையும் ரெண்டு தடவை சொல்லுகிறவள். அக்கா, மனுப் போடுற வரைக்கும் வெளியாள் ஒருத்தருக்கும் காட்டாதீங்க, காட்டினா அது புதுசு இல்லைன்னு ஆயிரும் என்று ரெண்டு தடவை சொன்னாள்.

கோயில் முன்னால் வெயிலுகந்தாள் இவ்வளவையும் ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னாள். மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது, ஏன் வருகிறது என்று தெரியவில்லை, பேட்டன்ட் கிடைக்கிற மட்டும் மிஷின் இப்படியே இருக்கவேண்டும், ஊர் வேண்டாம் என்றால் இப்போதே பிரித்துப்போடுகிறேன் என்றாள். சனம் கேள்வி கேட்டது. வலிக்குமா, வலிக்காது. தங்கத்தின் எடை குறையுமா, பவுன்ராஜ் தராசு கொண்டுவந்து நிறுத்துப் பார்த்தார், குறையவில்லை. சிவப்பும் போகுமா, போகாது. கேள்வியெல்லாம் தீர்ந்தபோது குருவையாவின் தங்கச்சி சோலையம்மாள் எழுந்தாள். நாத்தனாருக்கும் மதினிக்கும் ஆகாது என்று ஊரெல்லாம் தெரியும், ஆகவே என்ன சொல்லப்போகிறாளோ என்று குருவையா தலையைக் குனிந்துகொண்டார்.

"பதினோரு வருசம் அடுத்தவன் பேருக்குப் பொட்டு வச்சவ," என்றாள் சோலையம்மாள். "எங்க மதினி பேரு ஒரு தடவ வரட்டும். மஞ்சள் எங்க போயிரப்போகுது."

அதோடு கூட்டம் கலைந்தது.

ஊர் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. பழம் கனிந்ததா என்று பார்க்காமல் அமுக்கிப் பார்த்தார்கள், மஞ்சள்பொடியை மோந்து பார்த்துப் போட்டார்கள், வெள்ளைச் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு ருசியில் ஒரு குறையுமில்லை என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள், காலை வெயில் டியூப்லைட் வெளிச்சம் மாதிரி விழுந்தபோது அதிலேயே வற்றல் காயப்போட்டார்கள். வெளியூர்க்காரர் வந்து கேட்டால் சொல்ல ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள், ஏனென்றால் வெளியாளுக்குத் தெரியக்கூடாது என்று ஹமீதா ரெண்டு தடவை சொல்லியிருக்கிறாள். புதுக் கண்டக்டர் ஊர்ப்பலகையைப் பார்த்துக் கேட்டபோது பெயின்ட் ஆர்டர் பண்ணியிருக்கு என்றார் பவுன்ராஜ். கல்வி அதிகாரி பிள்ளைகளின் நோட்டில் வெள்ளைச் சூரியனைப் பார்த்துக் கேட்டபோது, அது நிலாங்கய்யா என்று மூன்றாம் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. தை மாசத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. தாலிக்கயிறு வெள்ளையாக இருக்கிறதே என்று மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தபோது, எங்க காளியம்மன் வழக்கம் அப்படித்தான் என்று பெண் வீட்டார் மூச்சு விடாமல் சொன்னார்கள், அந்த வழக்கம் சுத்தமாக இருக்கிறது, எங்கள் ஊரிலும் வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா சொல்லிவிட்டுப் போனார்.

ஊரணி நிறைந்து வழிகிற கலுங்கு வரைக்கும்தான் இந்தச் சங்கதி. கலுங்கைத் தாண்டி ஓரடி எடுத்து வைத்தால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். சாயங்காலம் ஆனால் புருஷன்மார் பெண்டாட்டிகளைக் கூட்டிக்கொண்டு கலுங்குக்கு அந்தப்பக்கம் போய், தோடும் தாலியும் பொன்னாக மின்னுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்து நடக்காத ஜோடிகளெல்லாம் நடந்தன. வெயிலுகந்தாளும் குருவையாவும் ஒருநாள் போனார்கள். அவளுடைய ஒற்றைக்கல் மூக்குத்தியைப் பார்த்து, இதைப் போய் இத்தனை வருசமா நான் பாக்கலையே என்றார் அவர், அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது.

கார்த்திகையில் ஹமீதா மனுப் போட்டாள். மாசி கடைசியில் பேட்டன்ட் ஆபீசிலிருந்து கடிதாசி வந்தது. ஹமீதா போனில் படித்துச் சொன்னாள்: எல்லாம் சரி, ஆனால் மனுவில் எழுதியிருப்பதைப் படித்து இதே தொழில் தெரிந்த இன்னொரு ஆள் செய்தால் அவருக்கும் மஞ்சள் வரவேண்டும், வராது போலத் தெரிகிறது, பங்குனி பதினெட்டாம் தேதி விசாரணைக்கு வந்து விளக்கவும். சந்தேகம் தீரட்டும் என்று ஹமீதாவே தனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் மனுவிலுள்ள படத்தைக் கொடுத்து, அச்சு அசல் அதே உருளையைச் செய்ய வைத்திருந்தாள். அதில் ஒரு பொட்டு மஞ்சள்கூட வரவில்லை.

"அக்கா, எங்கயோ ஒரு வரி விட்டுப்போயிருக்கு," என்றாள். "நீங்க செஞ்சு, எங்கிட்ட சொல்லாத ஒண்ணு. யோசிங்க. அந்த ஒரு வரியைச் சொல்லிட்டா உங்க பேருல வந்துரும்."

வெயிலுகந்தாள் செம்பை யோசித்தாள், ஊசியை யோசித்தாள், கண்ணாடிக் கண்ணை யோசித்தாள், பலகையில் பற்றவைத்த ஒவ்வொரு புள்ளியையும் விரலால் தொட்டு யோசித்தாள். பத்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை சாமிப் படத்துக்குப் பொட்டு வைக்கும்போது கை அப்படியே நின்றது. ஆயுத பூஜைக்கு உருளையில் வைத்த மஞ்சள். குங்குமம் இல்லாத வெறும் மஞ்சள். சர்க்காருக்கு எழுதுகிற மனுவில் பூஜை போட்டதையெல்லாம் யார் எழுதுவார்கள்? ஓடிப்போய்ப் பார்த்தாள், உருளையின் ஓரத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, அச்சடித்த தாளை விட்டால் அந்த ஊரில் மிச்சமிருந்த ஒரே மஞ்சள் அதுதான், இத்தனை நாளாகக் கண்ணில் பட்டும் கருத்தில் படவில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. விசாரணையில் நேரிலேயே சொல்லலாம் என்று குருவையாவிடம் மட்டும் சொல்லி வைத்தாள். பேர் வந்துவிட்டதுபோலத்தான், இன்னும் ஒரு வாரம்.

அந்த வாரத்தில்தான் சோலையம்மாளின் மகள் மாரீஸ்வரி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தவள், சிவகாசி ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பெற்று மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். நர்ஸம்மா வந்து பார்த்தார், குழந்தையின் மூக்கு நுனியை விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார், வெள்ளையாக இருந்தது, நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் தப்பில்லை. வாராவாரம் வந்து வந்து, அந்த ஊரில் எதெது மஞ்சளாக இருக்கவேண்டும் என்பதை அவரும் மறந்துபோயிருந்தார்.

மிஷினில் அப்போது பங்குனிப் பொங்கல் நோட்டீஸ் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நாளாகவே மஞ்சள் இளைத்துக்கொண்டு வந்தது. ஊரில் எடுப்பதற்கு இனி ஒன்றுமில்லை, நோட்டீசில் அம்மன் முகம் சோகை பிடித்தமாதிரி விழுந்தது, விசாரணைக்கு நல்ல மாதிரித் தாள் கொண்டுபோகவேண்டுமே என்று வெயிலுகந்தாள் கவலையில் இருந்தாள். குழந்தை பிறந்த ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு ஓட்டிய தாள்களில் மஞ்சள் கொழித்துக்கொண்டு வந்தது. அம்மன் முகம் ததும்பியது. சாமி கண் திறந்துட்டா என்று சந்தோஷமாக ஒரு தாளை உருவி, ஜன்னலோரம் கொண்டுபோய் லென்ஸை வைத்தாள்.

முப்பது வருஷமாக மஞ்சளைப் பார்க்கிற கண் அது. போன ஐந்து மாசத்தில் ஆவாரம்பூ மஞ்சளும் அவள் லென்ஸ் வழியாகத்தான் போயிருக்கிறது, வாழைப்பழ மஞ்சளும் போயிருக்கிறது, தங்கம் வந்த அன்றைக்குத் தாளைத் தொடவே கை கூசியது. இது அதில் எதுவும் இல்லை. லேசாகப் பச்சை ஓடின, பித்தம் கலந்த, சங்கடமான ஒரு மஞ்சள். ஊரில் புதிதாக என்ன வந்தது என்று யோசித்தாள். காலையில் தண்ணீர்க் குழாயில் சோலையம்மாள் பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது: புள்ள அப்படித் தூங்குது மதினி, பாலுக்குக்கூட முழிக்க மாட்டேங்குது, தங்கமான புள்ள.

மிஷின் ஓட ஓட விட்டுவிட்டு வெயிலுகந்தாள் தெருவில் ஓடினாள். ஓடுகிற வயசா அது, சேலை தடுக்கி விழுந்து முட்டி பெயர்ந்தது, எழுந்து ஓடினாள். குழந்தை பால்வெள்ளையாகத் துணியில் கிடந்தது. உள்ளங்காலைச் சுண்டினாள், முழிக்கவில்லை. இன்னொரு தடவை சுண்டினாள், முனகக்கூட இல்லை. என்ன ஏதென்று கேட்ட நாத்தனாரிடம், ஏறு வண்டியில என்று மட்டும் சொன்னாள். பேப்பர் பண்டல் ஏற்றுகிற குட்டியானை வண்டியை குருவையா எடுத்துவந்தார். மாரீஸ்வரி முன்னால் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள், வெயிலுகந்தாள் நெருக்கியடித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள், சோலையம்மாள் பின்னால் ஏறி நின்றாள். வண்டி கலுங்கைத் தாண்டியது.

தாண்டின மாத்திரத்தில் தாயின் கழுத்துச் சங்கிலி பொன்னானது, ரோட்டோரத்து ஆவாரம்பூ பூத்தது, மடியில் கிடந்த குழந்தை நெற்றியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் மஞ்சளாக மாறியது.

மாரீஸ்வரி, அத்தை என்றாள். வெயிலுகந்தாளுக்கு எல்லாம் விளங்கியது. மிஷின் நிறத்தைத்தான் எடுத்திருந்தது, நோயை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தையை நீலவிளக்கின் அடியில் கண்ணைக் கட்டிப் போட்டார்கள். சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா காமாலை மூளைக்கு ஏறியிருக்கும்மா, யார் பாத்துக் கண்டுபிடிச்சது என்று டாக்டரம்மா கேட்டார். எல்லாரும் வெயிலுகந்தாளைக் கைகாட்டினார்கள். அவள் அவமானத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இத்தனை காலம் எந்த வார்த்தைக்காகக் காத்துக்கிடந்தாளோ அந்த வார்த்தை அவளுக்குக் கிடைத்த இடம் அதுதான்.

மறுநாள் காலையில் பிள்ளை வீறிட்டு அழுது பால் குடித்த பிறகுதான் அவளும் குருவையாவும் ஊருக்குத் திரும்பினார்கள். நேரே ஷெட்டுக்குப் போய் ஒரு ஈரத்துணியை எடுத்தாள். குருவையா அவள் கையைப் பிடித்தார். அவர் எப்போதும் அவளை எதற்கும் தடுக்காத மனுஷர். நாளான்னைக்கு விசாரணை, அதுவரைக்கும் மிஷினை நிப்பாட்டி வைப்போம், அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு வந்து துடைத்துக்கொள்ளலாம், உன் பேர் வந்துவிடுமே என்றார். அவர் கண்கலங்கித்தான் சொன்னார்.

"அந்த வரி எங்கிட்ட இருக்குற மட்டும் இது ஒரு ஊருதான்," என்றாள் அவள். "சர்க்கார் அதை அச்சடிச்சு ஊர் உலகம் படிக்க வைக்கும். அதுக்குத்தான் பேட்டன்ட்டுனு ஹமீதா சொல்லுச்சு, நீ எல்லாத்தையும் சொல்லணும், பதிலுக்கு உன் பேர் போடுவாங்கன்னு. சிவகாசியில எத்தன மிஷின் இருக்கு? எந்த மிஷினுக்கு ஆயுத பூஜை இல்ல? எத்தன ஊருல புள்ள பெறக்குது?"

குருவையா கையை எடுத்துவிட்டார். அவள் துடைத்தாள். காய்ந்துபோன மஞ்சள் லேசில் வரவில்லை, நகத்தால் சுரண்டி, எச்சில் தொட்டு, முந்தானையால் தேய்த்துத்தான் எடுத்தாள். தெருவில் முதலில் ஒரு கோழிக்குஞ்சு மஞ்சளானது. பிறகு வேன், பிறகு பலகை, பிறகு வெயில். பவுன்ராஜ் கடையில் தார் பழுத்துத் தொங்கியது. ஊர்ப்பெண்கள் கழுத்தைத் தடவிக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள். அதே நேரத்தில் தூத்துக்குடியிலும் தென்காசியிலும் கடைகடையாக மாட்டியிருந்த காலண்டர்களில் முருகன் வேல் வெளிறிப்போனது; அண்ணாச்சிமார் போன்மேல் போன் போட்டார்கள், வெயில் படுற இடத்துல மாட்டியிருப்பீக என்று குருவையா சலிக்காமல் சொன்னார், மை ஊற்றி அச்சடித்து வேறு அனுப்புகிறோம் என்றும் சொன்னார்.

பதினெட்டாம் தேதி மதுரையில் ஹமீதாவின் ஆபீசில் சுவரில் இருந்த திரையில் சென்னை அதிகாரி வந்தார். நரைத்த மீசை, மரியாதையான மனுஷர். வெயிலுகந்தாள் துவைத்த சேலை கட்டிக்கொண்டு, பிளாஸ்திரி போட்ட முட்டியோடு உட்கார்ந்திருந்தாள். உங்க உருளையை மாதிரி ஒரு வேலைப்பாட்டை நான் பார்த்ததில்லை அம்மா என்று அவர் தமிழிலேயே பேசினார். முப்பது வருஷத்தில் ஒருத்தரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

"ஒரே ஒரு வரிதான் குறையுது," என்றார் அதிகாரி. "அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்கய்யா."

"சொல்லுங்க. சேத்துக்கிட்டா எனக்கு வேற ஆட்சேபம் இல்ல."

ஹமீதா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். வெயிலுகந்தாள் மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் மஞ்சள் இருந்தது. அதைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேங்கய்யா."

சொல்லாவிட்டால் இதை மறுக்கவேண்டியிருக்கும், உங்கள் பேருக்கு இது கிடைக்காமல் போகும், அது உங்களுக்குப் புரிகிறதா என்று அதிகாரி நிதானமாகக் கேட்டார்.

"அது எனக்குப் புரிஞ்ச அளவுக்கு யாருக்கும் புரியாதுங்கய்யா," என்றாள் வெயிலுகந்தாள்.

திரை அணைந்த பிறகு ஹமீதா ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, டீ வாங்கிக்கொடுத்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாள். பஸ்ஸில் திருமங்கலம் தாண்டும் வரைக்கும் வெயிலுகந்தாள் வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் சாவு வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்து ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தார்கள்.

ஊரில் அந்த ஒரு வரி என்னவென்று இப்போது குருவையா மூலமாக எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வெளியே சொன்னதில்லை. வெளியாளுக்குத் தெரியக்கூடாது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அதை எப்போது நிறுத்தவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது.

சித்திரையில் தபால் வந்தது. மாரீஸ்வரி, பன்னிரண்டாவது படித்தவள், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு கவரைப் பிரித்துப் படித்தாள். போதுமான விவரம் இல்லாததால் மனு மறுக்கப்படுகிறது என்று இருந்தது. தெரிஞ்சதுதானே, உள்ளே வை என்றாள் வெயிலுகந்தாள். மாரீஸ்வரி வைக்கவில்லை, தாளின் மேல்பக்கத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இங்க ஒரு கட்டம் இருக்கு. கண்டுபிடித்தவர்னு போட்டு, வெயிலுகந்தாள்னு அச்சடிச்சிருக்கு."

வெயிலுகந்தாள் எழுந்து வந்தாள். எந்த எழுத்து, விரல் வச்சுக் காட்டு என்றாள். மாரீஸ்வரி ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாக விரல் வைத்துக் காட்டினாள். இன்னொரு தடவை என்றாள். இன்னொரு தடவையும் காட்டினாள். சோலையம்மாள் அடுப்படிக்குப் போய் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து, கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல மறுப்புக் கடிதாசியின் நாலு மூலையிலும் தொட்டு வைத்தாள், குழந்தை எட்டி அவள் விரலைப் பிடித்து மஞ்சளை வாயில் வைக்கப்போனது.

குருவையா சட்டம் போட்டுக்கொண்டு வந்தார். ஷெட்டில் மாட்டக்கூடாது, மஞ்சள் இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லி வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்ட வைத்தாள். மிஷினுக்கு இனிமேல் ஆயுத பூஜையன்றும் வெறும் திருநீறுதான். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, ஸ்டூலில் ஏறி, கண்ணாடியைத் துடைத்து, தன் பேர் இருக்கிற இடத்துக்கு நேராக மஞ்சள் வைத்து, அதன்மேல் மறக்காமல் குங்குமமும் வைத்தாள்.